காரணிப்படுத்தினால் 2, 3 வருகிறது. வரைபடத்தில் மட்டும் ஏன் கோடு அச்சிலேயே படுத்துக்கிடக்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் ஓர் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தி 2, 3 என்று விடை எழுதினான். அதே கோவைக்கு வரைபடம் வரைந்தபோது, வளைவரை 2இல் அச்சுக்கு இறங்கி, 3 வரைக்கும் அச்சின் மேலேயே படுத்திருந்து, அப்புறம்தான் எழுந்தது. அப்படியானால் நடுவில் இருக்கும் எல்லா எண்களும் விடையா, இல்லை வரைபடம் தப்பா, ஒரே விடைக்கு எதற்கு இரண்டு வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணி சரி. வரைபடத்தில் அவன் குறித்த புள்ளிகளும் சரி. புள்ளிகளைச் சேர்த்த விதம்தான் தப்பு. அதுவும் வரைபடத்தாளில் கால் சென்டிமீட்டர் அளவுக்குத்தான். ஆனால் அந்தக் கால் சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று பிடித்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு சின்ன ஏற்பாடு. புத்தகத்தில் எக்ஸ் என்று இருப்பதை இங்கே 'த' என்று எழுதுகிறேன், தெரியாத எண் என்பதால். எக்ஸைப் போட்டால் கைப்பேசித் திரையில் பெருக்கல் குறியோடு குழம்புகிறது. ஒய் என்று இருப்பதை, கோவையின் மதிப்பு என்பதால், 'ம' என்று எழுதுகிறேன். ஆக உங்கள் மகனின் கணக்கு இது:

ம = த² − 5த + 6

பூச்சியம் என்பது என்ன? எந்த த-வைப் போட்டால் ம-வின் மதிப்பு 0 ஆகிறதோ அந்த த. அவ்வளவுதான். 'பல்லுறுப்புக் கோவையின் பூச்சியம்', 'சமன்பாட்டின் மூலம்' என்று புத்தகம் இரண்டு பெயர் சொல்வதால் பிள்ளைகள் இவை இரண்டு வேறு பொருள்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். கோவையைப் பற்றிப் பேசும்போது பூச்சியம் என்கிறோம். அதை 0-க்குச் சமன்படுத்தி எழுதியதும் அதே எண்ணை மூலம் என்கிறோம். வரைபடத்தில் அதே எண், வளைவரை கிடை அச்சைச் சந்திக்கும் இடம். ஏனென்றால் கிடை அச்சின் மேல் எங்கே நின்றாலும் அங்கே ம = 0.

காரணிப்படுத்துதலில் பிள்ளைகள் இயந்திரம் போலச் செய்யும் ஒரு படி இருக்கிறது. (த − 2)(த − 3) = 0 என்று வந்ததும், உடனே 'த = 2 அல்லது த = 3' என்று எழுதுவார்கள். ஏன் அப்படி எழுதலாம் என்று கேட்டால் 'அப்படித்தான் சார் எழுதணும்' என்பார்கள். காரணம் எளிது: இரண்டு எண்களைப் பெருக்கி 0 வந்தால், அவற்றில் ஒன்றாவது 0 ஆக இருந்தே தீர வேண்டும். 0-க்கு மட்டும்தான் இந்தக் குணம் உண்டு. (த − 2)(த − 3) = 2 என்று ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் த − 2 = 2, த − 3 = 2, ஆகவே 4, 5 என்று எழுதிவிடுவார்கள். 4 தற்செயலாகச் சரியாகப் போய்விடும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து (2 × 1 = 2). 5ஐப் போட்டால் 3 × 2 = 6, தப்பு. உண்மையான இன்னொரு விடை 1, அதாவது (−1) × (−2) = 2. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து மறுபக்கத்தில் 0 வைக்கிறோம்.

இதே குணத்தை மறந்தால் வரும் இன்னொரு தப்பு: த² = 5த என்று இருந்தால் இருபக்கமும் த-வால் வகுத்து 'த = 5' என்று முடித்துவிடுவது. த = 0 என்ற விடை அங்கேயே காணாமல் போய்விடும். வகுக்காமல் த² − 5த = 0, த(த − 5) = 0 என்று எழுதினால் இரண்டும் கிடைக்கும்.

சரி, த² − 5த + 6 எப்படி (த − 2)(த − 3) ஆனது? பெருக்கினால் 6, கூட்டினால் −5 வரும் இரண்டு எண்கள் வேண்டும். பெருக்கற்பலன் மிகை (0-க்கு மேல்) என்பதால் இரண்டுக்கும் ஒரே குறி. கூட்டுத்தொகை குறை (0-க்குக் கீழ்) என்பதால் இரண்டும் குறை. −1, −6 கூட்டினால் −7. −2, −3 கூட்டினால் −5. கிடைத்துவிட்டது. அடைப்புக்குள் −2, −3 என்று இருந்தாலும் பூச்சியங்கள் 2, 3 என்பதை ஒருமுறை சொல்லிவையுங்கள். அடைப்பு எப்போது 0 ஆகும் என்று கேட்டுப் பார்த்தால் குறி தானாகச் சரியாகும். மனப்பாடம் செய்தால்தான் குழம்பும்.

உங்கள் மகன் போட்ட இந்தக் கணக்குக்கு ஒரு பரம்பரையே உண்டு. பிரெஞ்சுக் கணித மேதை டெகார்த் 1637இல் வெளியிட்ட வடிவகணித நூலின் மூன்றாம் பகுதியில், த − 2 = 0, த − 3 = 0 என்ற இரண்டையும் பெருக்கிக் காட்டி, த² − 5த + 6 = 0 என்ற இதே சமன்பாட்டைத்தான் செய்கிறார். பிறகு அதை த − 4ஆலும் பெருக்கி முப்படிச் சமன்பாட்டுக்குப் போகிறார். அதாவது அவர் சமன்பாட்டைப் பிரிக்கவில்லை, மூலங்களிலிருந்து கட்டினார். பிள்ளைகளுக்கும் முதலில் கட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிறகு பிரிக்கச் சொன்னால் நல்லது என்பது என் கருத்து. 4ம் −7ம் பூச்சியங்களாக வரும்படி ஒரு கோவை எழுது என்று கேட்டால், அஞ்சு நிமிஷத்தில் அவனுக்குக் காரணி என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

இப்போது வரைபடம். உங்கள் மகன் போட்ட அட்டவணை அநேகமாக இப்படி இருந்திருக்கும்: த 0 என்றால் ம 6, 1 என்றால் 2, 2 என்றால் 0, 3 என்றால் 0, 4 என்றால் 2, 5 என்றால் 6. எல்லாம் சரி. 2இலும் 3இலும் மதிப்பு 0 என்றதும், நடுவில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்துவிட்டான். முழு எண்களை மட்டும் அட்டவணையில் போட்டதால் வந்த வினை.

வரைபடத்தைத் தொடாமலேயே அந்தக் கோடு தப்பு என்று காரணிகளே சொல்லிவிடும். 2க்கும் 3க்கும் நடுவில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். த − 2 என்பது 0.4, மிகை. த − 3 என்பது −0.6, குறை. பெருக்கினால் −0.24. நடுவில் எந்த எண்ணை எடுத்தாலும் ஒரு காரணி மிகை, மற்றது குறை. ஆகவே பெருக்கற்பலன் குறையாகத்தான் இருக்கும். வளைவரை அங்கே அச்சுக்குக் கீழே போயே ஆக வேண்டும். 3ஐத் தாண்டினால் இரண்டு காரணிகளும் மிகை, 2க்கு முன்னால் இரண்டும் குறை, இரண்டு இடத்திலும் வளைவரை மேலே. ஆக, காரணிகள் பூச்சியங்களை மட்டுமல்ல, வளைவரை எங்கே மேலே, எங்கே கீழே என்பதையும் சொல்கின்றன.

எவ்வளவு கீழே? இந்த வளைவரை, அதாவது பரவளையம், தன் சமச்சீர் அச்சுக்கு (நடுக்கோட்டுக்கு) இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். 2, 3 இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பதால் சமச்சீர் அச்சு அவற்றின் நட்ட நடுவில், 2.5இல். அங்கே ம = 6.25 − 12.5 + 6 = −0.25. அதுதான் முனை, வளைவரை திரும்பும் இடம். 1 செ.மீ = 1 அலகு என்ற அளவுத்திட்டத்தில் வெறும் கால் சென்டிமீட்டர் பள்ளம். பென்சில் கொஞ்சம் மொத்தமாக இருந்தால் தெரியாமலே போய்விடும்!

இந்தப் பள்ளத்தின் ஆழம் பூச்சியங்களுக்கு இடையிலான தூரத்தோடு கட்டுண்டது. த²-இன் கெழு (அதைப் பெருக்கும் எண்) 1ஆக இருக்கும்வரை, இரண்டு பூச்சியங்களுக்கும் இடையில் உள்ள தூரத்தில் பாதியை எடுத்து வர்க்கப்படுத்தினால், அதுவே பள்ளத்தின் ஆழம். 2க்கும் 3க்கும் தூரம் 1, பாதி ½, வர்க்கம் ¼. ஆகவே பூச்சியங்கள் அடுத்தடுத்த முழு எண்களாக வரும் எந்தக் கணக்கிலும் பள்ளம் கால் அலகுதான். தூரம் 6 என்றால் பள்ளம் 9 அலகு.

இதைத் திருப்பிப் போட்டால், காரணிகளை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. த² − 34த + 273 என்று ஒன்று கொடுத்தால், பெருக்கினால் 273 வரும் எண்களைத் தேடி அலைவார்கள். அலைய வேண்டாம். பூச்சியங்களின் கூடுதல் 34, ஆகவே நடுப்புள்ளி 17. முனையின் மதிப்பு, 273-இலிருந்து 17-இன் வர்க்கமான 289ஐக் கழித்தால் வரும்: −16. ஆழம் 16 என்றால் பாதித் தூரம் 4. எனவே பூச்சியங்கள் 17 − 4, 17 + 4, அதாவது 13, 21. காரணிகள் (த − 13)(த − 21). வரைபடம் வரையவில்லை, ஆனால் மனத்துக்குள் வரைபடத்தைப் பார்த்துத்தான் இதைச் செய்தோம்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ-ஷென் லோ 2019இல் இந்த வழியைப் பாடம் நடத்தும் முறையாகப் பரப்பினார். பலர் அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். ஆனால் இதன் வேர் மிகப் பழையது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பிஎம் 13901 என்ற எண்ணுள்ள பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது. மூன்றரை ஆயிரம் வருடங்களுக்கும் மேல் பழையது. அதன் முதல் கணக்கு: ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினேன், முக்கால் வந்தது, பக்கம் எவ்வளவு? அதில் சொல்லப்படும் செய்முறை: 1ஐப் பாதியாக்கு, ½, வர்க்கப்படுத்து, ¼, முக்காலோடு கூட்டு, 1, அதன் வர்க்கமூலம் 1, அதிலிருந்து ½ஐக் கழி, பக்கம் ½. நம் முறையில் த² + த − ¾ என்று எழுதிப் பாருங்கள். நடுப்புள்ளி −½, பள்ளத்தின் ஆழம் 1, பூச்சியங்கள் ½, −1½. அதே படிகள்தான். சதுரத்தின் பக்கம் குறையாக இருக்க முடியாது என்பதால் −1½ அந்தப் பலகையில் இல்லை.

த²-இன் கெழு 1 இல்லாவிட்டால்? 6த² + 7த − 3 போல. இங்கே முதல் கெழுவையும் மாறிலியையும் (த இல்லாத எண்) பெருக்கி −18 என்று எடுத்துக்கொண்டு, பெருக்கினால் −18, கூட்டினால் 7 வரும் எண்களைத் தேட வேண்டும்: 9, −2. நடு உறுப்பைப் பிரித்தால் 6த² + 9த − 2த − 3. அதாவது 3த(2த + 3) − 1(2த + 3). அதாவது (3த − 1)(2த + 3). பூச்சியங்கள் ⅓, −1½. இதை வரைபடத்தில் பார்த்து ⅓ என்று யாராலும் படிக்க முடியாது, 0.3 என்றுதான் சொல்வோம். துல்லியம் வேண்டும் என்றால் காரணிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2த² − 8த + 6 = 0 என்பதைத் தீர்க்கும்போது இருபக்கமும் 2ஆல் வகுக்கலாம், 1, 3 என்ற மூலங்கள் மாறாது. ஆனால் 'ம = 2த² − 8த + 6 வரைக' என்ற கேள்வியில் அப்படி வகுத்துவிட்டு வரையக் கூடாது. பூச்சியங்கள் அதேதான், வளைவரை வேறு. வகுக்காவிட்டால் பள்ளம் 2 அலகு, வகுத்தால் 1 அலகு. ஆழத்துக்கும் தூரத்துக்கும் மேலே சொன்ன தொடர்பு கெழு 1ஆக இருக்கும்போது மட்டும்தான் என்று சொன்னதும் இதனால்தான்.

காரணி கைவிடும் இடங்கள் உண்டு. த² − 2த − 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் −2, கூட்டினால் −2 வரும் முழு எண்கள் கிடையாது. உடனே 'காரணிப்படுத்த முடியாது, ஆகவே தீர்வு இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். வரைபடம் வரைந்தால் −0.7 பக்கமும் 2.7 பக்கமும் அச்சை ஜம்மென்று வெட்டுகிறது. நடுப்புள்ளி 1, முனை −2 − 1 = −3, ஆகவே பாதித் தூரம் √3. பூச்சியங்கள் 1 + √3, 1 − √3. முழு எண்களில் காரணி இல்லை என்பதும் பூச்சியமே இல்லை என்பதும் வேறு வேறு.

பூச்சியமே இல்லாத கோவையும் இருக்கிறது: த² + 2த + 5. நடுப்புள்ளி −1, முனை 5 − 1 = 4. முனையே அச்சுக்கு 4 அலகு மேலே, வளைவரையோ மேல்நோக்கித் திறக்கிறது. பிறகு எப்படி அச்சைச் சந்திக்கும்? த² − 6த + 9இல் முனை 9 − 9 = 0, அச்சைத் தொட்டுவிட்டு மேலேறிவிடும், பூச்சியம் 3 மட்டும். புத்தகத்தில் தன்மைகாட்டி என்று மனப்பாடம் செய்கிறார்களே (நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து முதல் கெழு, மாறிலி இரண்டின் பெருக்கற்பலனின் நான்கு மடங்கைக் கழிப்பது), முதல் கெழு 1 என்றால் அது நம் பள்ளத்தின் ஆழத்தைப் போல நான்கு மடங்கு, அவ்வளவே. மிகை என்றால் பள்ளம் இருக்கிறது, இரண்டு இடத்தில் வெட்டும். 0 என்றால் பள்ளம் இல்லை, தொடும். குறை என்றால் முனை அச்சுக்கு எட்டவே இல்லை.

'இதெல்லாம் எங்கே சார் உதவும்?' என்று பையன் கேட்டால் ஒரு கல்லை எறியச் சொல்லுங்கள், கணக்கில்தான். 25 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேலிருந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறிகிறான். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், த விநாடிக்குப் பிறகு கல்லின் உயரம் ம = −5த² + 20த + 25. −5ஐ வெளியே எடுத்தால் −5(த² − 4த − 5), அதாவது −5(த − 5)(த + 1). கல் தரையைத் தொடுவது 5ஆவது விநாடியில். முதல் கெழு குறை என்பதால் பரவளையம் கவிழ்ந்திருக்கும். முனை 5க்கும் −1க்கும் நடுவில், 2ஆவது விநாடியில், 45 மீட்டர் உயரத்தில். −1ஐத் 'பொருந்தாது' என்று அடித்துவிடுவோம். அடிப்பது சரிதான், ஆனாலும் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு: ஒரு விநாடி முன்னதாக, தரையிலிருந்து விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தாலும் கல் இதே பாதையில்தான் போயிருக்கும்.

தேர்வுக்கு வருகிறேன். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். அதில் பலரும் தடுமாறும் வகை, 'ஒன்றை வரைந்து, அதை வைத்து இன்னொன்றைத் தீர்' என்பது. ம = த² − 2த − 3 வரைந்து, அதன் மூலம் த² − த − 6 = 0ஐத் தீர்க்க வேண்டும் என்று வையுங்கள். வரைந்த கோவையிலிருந்து தீர்க்க வேண்டிய கோவையைக் கழித்தால் −த + 3 மிஞ்சும். ம = −த + 3 என்ற நேர்க்கோட்டை அதே தாளில் வரைந்தால், அது பரவளையத்தை (3, 0), (−2, 5) என்ற புள்ளிகளில் வெட்டும். விடை 3, −2. ஏன் கழிக்கிறோம்? தீர்க்க வேண்டிய கோவை 0 ஆகும் இடத்தில் மட்டும்தான் பரவளையமும் அந்தக் கோடும் ஒரே உயரத்தில் இருக்கும். அதாவது அச்சுக்குப் பதிலாக ஒரு சாய்ந்த கோட்டை வைத்துக்கொண்டு பூச்சியம் தேடுகிறோம். இங்கே பரவளையம் கிடை அச்சை வெட்டும் −1, 3 என்ற இடங்களை விடையாக எழுதிவிடுவதுதான் வழக்கமான தப்பு. 3 இரண்டு பட்டியலிலும் இருப்பதால் சந்தேகம்கூட வராது. முடிவில் த² − த − 6ஐக் காரணிப்படுத்தி, (த − 3)(த + 2) வருகிறதா என்று ஓரத்தில் பென்சிலால் பார்த்துவிட்டால் ஒரு நிமிடத்தில் நிம்மதி.

வீட்டில் கணினியோ கைப்பேசியோ இருந்தால் ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலியில் கோவையைத் தட்டி, 2க்கும் 3க்கும் நடுவில் பெரிதாக்கிக் காட்டுங்கள், அது இலவசம்தான். பள்ளம் கண்ணெதிரே தெரியும். ஆனால் முதலில் கையால் வரையட்டும். ஸ்கேல் வேண்டாம், புள்ளிகளைக் கையாலேயே வளைவாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நாளைக்கு அவனுக்கு த² − 7த + 12ஐக் கொடுங்கள். வேறெதுவும் சொல்லாதீர்கள். அட்டவணையில் 3.5ஐத் தானாகச் சேர்க்கிறானா என்று மட்டும் பாருங்கள்.